நான்கு பென்சில் கோடுகள் பிறந்த கதை

கல்முனையில் எலும்பு கிளினிக் நாளன்று வாங்கில் குந்தியிருப்பவர்களின் கையைப் பாருங்கள். ஒரு கையில் கிளினிக் கொப்பி, மறு கையில் பெரிய உறைக்குள் எக்ஸ்ரே. மருதமுனைத் தறிக்காரர், நிந்தவூர் வயல்காரர், சாய்ந்தமருதில் தென்னையிலிருந்து விழுந்தவர், அக்கரைப்பற்று வீதியில் ஓட்டோ புரண்டவர் என்று எல்லாரும் இருப்பார்கள். உள்ளே போனதும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"வெட்டாம ஏலாதா சேர்?"

வைத்தியர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். "எலும்பு கொஞ்சம் விலகியிருக்கு" என்பார். ஒருவரிடம் "குளிசையைக் குடிங்க, ஆறு கிழமைக்குப் பிறகு வாங்க" என்று அனுப்பி வைப்பார். அடுத்தவரிடம் "ஒப்பரேசன் செய்யத்தான் வேணும், பிந்தக் கூடாது" என்பார். வாங்கில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. இரண்டும் விலகல்தானே, அவருக்கு ஒரு நீதி இவருக்கு ஒரு நீதியா என்று வெளியே வந்து முணுமுணுப்பார்கள்.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? முன்பு அது மூத்த வைத்தியரின் கண்மதிப்பாக இருந்தது. இன்று பல விலகல்களுக்கு அளவு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அப்படி உலகமெங்கும் முள்ளந்தண்டு வைத்தியர்கள் கையாளும் ஒரு கணக்கு, தமிழ் பேசும் மண்ணில் பிறந்தது. அதற்கு ஸ்கேன் வேண்டாம், கணினி வேண்டாம். ஒரு எக்ஸ்ரே, ஒரு பென்சில், ஒரு அடிமட்டம் போதும். நான்கு இடம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு இடம் எவை என்று தெரிந்துகொள்ள 15 வருடம் பிடித்தது.

கழன்றதும் நழுவியதும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். மூட்டு முழுதாக இடம் விட்டுப் போனால் 'கழன்று போச்சு' என்கிறோம். தோள் கழன்றவரைத் தெருவில் போகிறவரும் கண்டுபிடிப்பார். இரண்டு எலும்பும் இன்னும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை என்றால் அது நழுவல். வைத்தியர்கள் சப்லக்சேஷன் என்று எழுதுவது இதைத்தான். கழன்றதை உடனே இடத்தில் சேர்க்க வேண்டும், அதில் விவாதம் இல்லை. நழுவியதில்தான் குழப்பம் எல்லாம். அது அப்படியே நின்றுவிடலாம், தானாகத் திரும்பலாம், ஒருநாள் முழுதாகக் கழன்றும் போகலாம். இன்றைக்கு எக்ஸ்ரேயில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இந்தக் குழப்பம் பழையது. சுஸ்ருத சங்கிதை மூட்டு விலகலை ஆறு வகையாகப் பிரித்தது. கொர்தோவாவில் சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி, தம்முடைய 30 பாக மருத்துவ நூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். அதில் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பகுதி உண்டு. நம் கரையின் பரிசாரிமாரும் தைலம், பத்து, தப்பை என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் விட்டுச் சென்ற அறிவில் பெரும்பகுதி எப்படிச் சேர்ப்பது என்பது பற்றியது.

முதுகில் இது இன்னும் சிக்கல். முள்ளந்தண்டின் முன்பக்கத்தில் உருளை உருளையாக முள்ளென்புகள் அடுக்கியிருக்கின்றன. உடல் பாரத்தைத் தாங்குவது அந்த அடுக்கு. பின்பக்கத்தில் ஒவ்வொரு முள்ளென்பையும் அடுத்ததோடு சேர்க்க இடமும் வலமுமாகச் சின்ன மூட்டுகள். கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதுபோல அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கதவுக்குப் பிணைச்சல் எப்படியோ முதுகுக்கு அவை அப்படி. குனியவும் விடும், குடை சாயாமலும் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள குழாயில் முண்ணாண் போகிறது. எலும்பு இடம் மாறினால் நசிவது அதுதான். அது நசிந்தால் கால் விழும், சிறுநீர் கட்டுக்குள் நில்லாது.

முன்சுவர் விழுந்த வீடு

நான் சொல்ல வந்த கணக்கு, விபத்தில் நழுவிய முதுகைப் பற்றியதல்ல. காசநோயில் நழுவிய முதுகைப் பற்றியது. நம் பெரியவர்கள் சயரோகம் என்று சொன்ன அதே நோய்தான். அது நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் என்று நினைக்கிறோம். கிருமி இரத்தத்தோடு போய் எலும்பிலும் குந்தும். எலும்புகளில் அதற்கு மிகவும் பிடித்த இடம் முள்ளந்தண்டு. அங்கேயும் முன்பக்கத்து உருளைகளைத்தான் பெரும்பாலும் தின்னும். முன்சுவர் இடிந்தால் கூரை முன்னால் சாயும் அல்லவா, அதுபோல முதுகு முன்னால் மடங்கும். பின்னால் ஒரு முனை புடைக்கும். அதுதான் கூன்.

1779-இல் லண்டனில் பெர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இந்தக் கூனையும் அதோடு வரும் கால் பலவீனத்தையும் சேர்த்து எழுதினார். அதனால் நோய்க்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே, சில கூன்காரர்களின் நுரையீரலில் கட்டிகள் இருப்பதைக் கிரேக்கத்து ஹிப்பொக்ரட்டீஸின் நூல்கள் குறித்து வைத்திருந்தன.

சம்பந்தர் பாடப் பாண்டியனின் கூன் நிமிர்ந்தது என்று தமிழில் ஒரு கதை உண்டு. கிரேக்கத்தில் அதை ஏணி வைத்துச் செய்யப் பார்த்தார்கள். கூன்காரரை ஏணியோடு கட்டி, ஏணியை உயரத் தூக்கி, நிலத்தில் விழவிடுவார்கள். குலுங்கினால் நிமிரும் என்று நம்பிக்கை. கூட்டத்தை வாய் பிளக்க வைக்கத்தான் சில வைத்தியர்கள் இதைச் செய்கிறார்கள் என்று ஹிப்பொக்ரட்டீஸின் நூலே குறைப்பட்டுக்கொள்கிறது. நமக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் காசநோய்க்கு மருந்து வரும்வரை, உலகத்தின் சிறந்த வைத்தியசாலைகளிலும் முதுகில் காசம் வந்த குழந்தையை மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், பிளாஸ்டர் படுக்கையில் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

ஹொங்கொங்கின் கத்தியும் சென்னையின் குளிசையும்

1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-இல் ஐசோனியசிட் வந்தது. கிருமியைக் கொல்ல முடியும் என்றானதும் இரண்டு வழிகள் திறந்தன.

ஒரு வழி ஹொங்கொங்கில் திறந்தது. ஹொட்ஜ்சன், ஸ்டொக் என்ற இரண்டு சத்திரசிகிச்சை வைத்தியர்கள், நெஞ்சைத் திறந்து முன்பக்கமாகப் போய், அழுகிய எலும்பை முழுதாக வெட்டியெடுத்து, அந்த இடத்தில் விலா எலும்புத் துண்டை முட்டுக் கொடுத்தார்கள். 1956-இல் அதைப் பற்றி எழுதினார்கள். முன்சுவர் விழுந்தால் புதுச்சுவர் கட்டு என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பிழை இல்லை. ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும், நெஞ்சைத் திறந்து மூடும் மயக்க மருந்து வசதி வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். காசநோய் அதிகம் இருந்ததோ இவை எதுவும் இல்லாத ஊர்களில்.

மற்ற வழி, மருந்தை மட்டும் நம்பிப் பார்ப்பது. எது சரி என்று அறிய பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல நாடுகளில் ஆய்வு தொடங்கியது. கொரியாவின் மசானில் ஒரு பகுதியினரை வைத்தியசாலைப் படுக்கையில் வைத்தார்கள், மறு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புசானில் சிலருக்குப் பிளாஸ்டர் சட்டை போட்டார்கள், சிலருக்குப் போடவில்லை. மருந்து எல்லாருக்கும் உண்டு. 1973 முதல் முடிவுகள் வரத் தொடங்கின. படுக்கையால் கூடுதல் பலன் இல்லை. பிளாஸ்டராலும் இல்லை. குளிசையை ஒழுங்காகக் குடித்தவர்கள் நடமாடிக்கொண்டே குணமானார்கள்.

அந்த வரிசையில் சென்னையும் ஒரு களம். அதற்கு அந்த நகரம் பொருத்தமானது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியை சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு மருந்து குடித்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குச் சொன்னது அந்த நிலையம்தான். பிறகு அதே கேள்வியை முதுகுக் காசத்தில் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு ஹொங்கொங் முறையில் சத்திரசிகிச்சையும் மருந்தும். மறு பகுதியினருக்கு நடமாடிக்கொண்டே மருந்து மட்டும். பத்து வருட முடிவு 1999-இல் வெளிவந்தது. குளிசை மட்டும் குடித்தவர்கள் கத்தி பட்டவர்களுக்குப் பின்தங்கவில்லை.

அதற்குள் வாரணாசியில் பேராசிரியர் துலி ஒரு நடுவழி வகுத்திருந்தார். எல்லாருக்கும் மருந்து கொடு, மருந்துக்கு மசியாதவருக்கும் நரம்பு நசிந்து தேறாதவருக்கும் மட்டும் கத்தியை எடு என்பது அது. 1975-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். போதிய படுக்கைகளும் அறைகளும் இல்லாத வைத்தியசாலையில் வேலை செய்தவர் கண்ட வழி. இன்றும் தெற்காசியாவில் முதுகுக் காசத்துக்கு அடிப்படை அதுதான்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். குளிசை வென்றது, கத்தி தோற்றது. முடியவில்லை.

குணமான பிறகும் வளைந்தவர்கள்

சென்னை ஆய்வில் சேர்ந்த குழந்தைகள் வருடாவருடம் திரும்பி வந்தார்கள். நோய் மாறிவிட்டது, மருந்து நிறுத்தியாயிற்று, சளியில்லை, காய்ச்சலில்லை. ஆனாலும் வருடம் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். நம் ஊரில் என்றால் "அதான் சுகமாயிட்டே, என்னத்துக்கு திருப்பித் திருப்பி வரச் சொல்றாங்க" என்று உம்மாமார் கேட்டிருப்பார்கள். அங்கும் கேட்டிருக்கலாம். ஆனால் வந்தார்கள்.

அந்த எக்ஸ்ரேக்களில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வளர்ந்தவர்களுக்கு நோய் மாறியதோடு வளைவும் நின்றது. குழந்தைகளுக்கு நிற்கவில்லை. கிருமி செத்துப் பல வருடம் கழித்தும் சிலருடைய முதுகு வளைந்துகொண்டே போனது. சிலருக்கு மூன்று முதல் ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வளையத் தொடங்கியது. இன்னும் சிலருக்கு யாரும் ஒன்றும் செய்யாமலே கூன் குறைந்து வந்தது. நோய் ஒன்று, மருந்து ஒன்று, வயது ஒன்று. முடிவு மட்டும் மூன்று விதம்.

காரணம் வளர்ச்சி. எலும்பின் முன்பக்கம் அழிந்தால் அங்கே வளர வேண்டிய பகுதியும் அழிகிறது. பின்பக்கம் மட்டும் வளர்ந்தால் பிள்ளை உயர உயரக் கூனும் கூடும். முன்பக்கத்தில் கொஞ்சமாவது நல்ல எலும்பு மிஞ்சி, மேலும் கீழும் சரியாகப் பொருந்தி நின்றுவிட்டால் அதே வளர்ச்சி கூனைக் குறைக்கும்.

சரி, யாருக்கு எது நடக்கும்? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரனின் கேள்வி இதுதான். மருந்து மட்டும் குடித்துக் குணமானவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்குக் கூன் 60 பாகையைத் தாண்டும். அந்த அளவு போனால் நெஞ்சு நெருங்கி மூச்சு குறையும். கூர்மையான எலும்பு முனைமேல் முண்ணாண் பல்லாண்டு இழுபட்டு, நோய் மாறி இருபது முப்பது வருடம் கழித்துக்கூடக் கால் விழலாம். நூறு பேருக்கும் சத்திரசிகிச்சை செய்தால் தொண்ணூற்றைந்து பேரைச் சும்மா வெட்டியதாகும். ஒருவருக்கும் செய்யாவிட்டால் ஐந்து பிள்ளைகளின் வாழ்க்கை மடங்கிப் போகும். அந்த ஐந்து பேரையும் முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும்.

முதல் விடை 1987-இல் வந்தது. சென்னையின் மூத்த எலும்பியல் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரமும் ராஜசேகரனும் ஒரு சிறு சமன்பாட்டை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளென்பையும் பத்துப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு போயிருக்கிறது என்று கூட்ட வேண்டும். அதை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐச் சேர்த்தால் கடைசியில் கூன் எத்தனை பாகையில் நிற்கும் என்று தெரியும். ஒரு முழு முள்ளென்பு போயிருந்தால் 36 பாகை. இரண்டு போயிருந்தால் 66.5. பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு. பத்தில் ஒன்பது பங்கு சரியாக இருந்தது.

ஆனால் நோய் மாறிய பிறகு, வளரும் வருடங்களில் நடக்கும் கூத்தை இந்தக் கணக்கு மட்டும் பிடிக்கவில்லை. எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டால் போதாது, மிஞ்சியது எப்படி நிற்கிறது என்றும் கேட்க வேண்டியிருந்தது.

நான்கு கோடு

61 குழந்தைகள். நோய் இருந்த இடம் 63. பதினைந்து வருடம் பின்தொடர்ந்த எக்ஸ்ரேக்கள். ராஜசேகரன் 2001-இல் பிரித்தானிய எலும்பு மூட்டுச் சத்திரசிகிச்சை இதழில் எழுதிய கட்டுரைக்கு மூலதனம் இவ்வளவுதான். குணமான பின் நூற்றுக்கு 44 பேருக்குக் கூன் குறைந்திருந்தது. 39 பேருக்குக் கூடியிருந்தது. 17 பேருக்கு மாற்றமில்லை. கடைசியில் யார் எங்கே போய் நின்றார்கள் என்பது இப்போது கையில் இருந்தது. இனி பின்னோக்கிப் போய் முதல் எக்ஸ்ரேக்களைப் பார்க்க வேண்டியதுதான். மிக மோசமாக வளைந்த பிள்ளைகளின் ஆரம்ப எக்ஸ்ரேயில், மற்றவர்களுடையதில் இல்லாத ஏதாவது இருந்ததா?

நான்கு விடயங்கள் இருந்தன.

முதலாவது, பின்பக்கத்துச் சின்ன மூட்டு பிரிந்திருப்பது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கூனின் உச்சியில் மேல் ஓடு கீழ் ஓட்டை விட்டு நழுவியிருக்கும்.

இரண்டாவது, நோய்ப்பட்ட எலும்பு பின்னால் தள்ளுப்படுவது. நோய்க்கு மேலே உள்ள முதல் நல்ல முள்ளென்பின் பின்சுவரை ஒட்டி ஒரு கோடு, கீழே உள்ள நல்ல முள்ளென்பின் பின்சுவரை ஒட்டி ஒரு கோடு. கோடுகள் சந்திக்கும் இடத்துக்குப் பின்னால் கெட்ட எலும்பு கிடந்தால் அது முண்ணாணின் பாதைக்குள் வந்துவிட்டது.

மூன்றாவது, பக்கவாட்டில் நகர்வது. உருளையைப் பின்பக்கத்தோடு இணைக்கும் எலும்புத் தண்டைக் காம்பு என்பார்கள். நேர் எக்ஸ்ரேயில் கீழ் நல்ல முள்ளென்பின் காம்பு நடுவிலிருந்து நேராக மேலே ஒரு கோடு. அது மேல் முள்ளென்பின் காம்பைத் தொடாமல் போனால் மேல்பாதி ஒரு பக்கம் நழுவியிருக்கிறது.

நான்காவது, கவிழ்வது. கீழ் நல்ல முள்ளென்பின் முன்சுவரை ஒட்டி மேலே ஒரு கோடு. அது மேல் முள்ளென்பின் முன்சுவரைப் பாதி உயரத்துக்கு மேலே வெட்டினால், மேல் எலும்பு முன்னால் தலைகுப்புறச் சாய்ந்துகொண்டிருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, மொத்தம் நான்கு. ஆபத்திலிருக்கும் முள்ளந்தண்டின் அடையாளங்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். இரண்டு சேர்ந்து தெரிந்தாலே அந்தப் பிள்ளையின் முதுகு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளாது என்று இன்றைக்குப் பாடம் சொல்கிறார்கள். அங்கேதான் கத்திக்கு நியாயம் பிறக்கிறது.

நான்கையும் கூர்ந்து பார்த்தால் அடியில் ஒரே சங்கதி. எலும்பு எவ்வளவு கரைந்தது என்பதை விட, பின்பக்கத்துப் பிணைச்சல் பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்பதே வழக்கைத் தீர்க்கிறது. முன்சுவர் இடிந்த வீட்டிலும் பிணைச்சல் பிடித்திருந்தால் கதவு சாய்ந்தாவது நிற்கும். பிணைச்சல் விட்டால் கதவு விழும். பின்மூட்டு நழுவாத பிள்ளைக்கு மிஞ்சிய எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உறையும். நழுவிய பிள்ளைக்கு மேல் முள்ளென்பு சுழன்று, தன் முன்சுவரே கீழ் எலும்பின்மேல் குந்தும் அளவுக்குக் கவிழ்ந்துவிடலாம். ஒரு இடத்துக்கு மேல் பிணைச்சல்கள் விட்டால் முதுகு சட்டெனச் சரிந்து மடியும்.

இதை முன்கூட்டி அறிவதில் இன்னொரு இலாபம். மூட்டு நழுவத் தொடங்கும்போதே பின்பக்கமாக நிலைநிறுத்திப் பிடிப்பது ஒப்பீட்டில் சின்ன வேலை. எல்லாம் மடிந்து உறைந்து, எண்பது தொண்ணூறு பாகைக் கூனாக வந்த பிறகு அதை வெட்டி நிமிர்த்துவது பெரிய வேலை. முண்ணாணுக்கு ஆபத்தும் பல மடங்கு.

வேறு இடத்து அளவுகள்

விலகலுக்கு அளவு தேடியவர் ராஜசேகரன் மட்டுமல்ல. விபத்தில் கழுத்து நழுவியவர்களுக்கும் இதே கேள்வி இருந்தது. அமெரிக்கக் கறுப்பினச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒகஸ்டஸ் வைட்டும் இந்திய வம்சாவளிப் பொறியியலாளர் மனோகர் பஞ்சாபியும் யேல் பல்கலைக்கழகத்தில் அதை எடுத்துக்கொண்டார்கள். இறந்தவர்களின் கழுத்து எலும்புகளில் இணையங்களை, அதாவது எலும்பை எலும்போடு கட்டும் நார்களை, ஒவ்வொன்றாக அறுத்து, எத்தனை அறுந்தால் எவ்வளவு நழுவுகிறது என்று அளந்தார்கள். 1975-இல் வந்த முடிவு: ஒரு முள்ளென்பு அடுத்ததன்மேல் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தாலோ, அடுத்ததைவிட 11 பாகைக்கு மேல் கூடுதலாகச் சாய்ந்தாலோ கழுத்து உறுதியிழந்துவிட்டது என்று கொள். ஒரு அரிசியின் நீளம்கூட இல்லாத தூரம்.

அவர்கள் பொறியியலாளரின் வழியில் போனார்கள், அறுத்து அளந்தார்கள். சென்னை வழி வேறு. அங்கே அறுக்கவில்லை, காத்திருந்து பார்த்தார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் வைத்தியர்கள் ஒன்றில் கவனமாக இருந்தார்கள். தனி எண்ணை நம்பித் தீர்ப்பு எழுதவில்லை. வைட்டும் பஞ்சாபியும் மில்லிமீட்டரோடு முண்ணாண் பாதிப்பையும் நரம்பு வேர்ப் பாதிப்பையும் சேர்த்துப் புள்ளிக் கணக்கு ஒன்று செய்தார்கள். சென்னைக் கணக்கிலும் ஒரு கோடு தவறினால் போதாது.

ஆகவே 'விலகியிருக்கு' என்று எக்ஸ்ரே அறிக்கையில் ஒரு சொல் இருந்தால் உடனே கத்தி என்று பயப்படத் தேவையில்லை. வைத்தியர் பார்ப்பது வேறு. கால் கை பலவீனம் கூடிக்கொண்டு போகிறதா? சிறுநீர், மலம் கட்டுக்குள் இருக்கிறதா? முந்திய எக்ஸ்ரேயை விட இப்போது நழுவல் கூடியிருக்கிறதா? பிடித்து வைக்கும் மூட்டும் இணையமும் உயிரோடு இருக்கின்றனவா? மருந்தும் ஓய்வும் பலன் தருகிறதா? நரம்பு நசிகிறது அல்லது நழுவல் வளர்கிறது என்றால் வெட்டத்தான் வேண்டும், பிந்தினால் பிந்தியதற்கு விலை உண்டு. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. சப்லக்சேஷன் என்ற இதே சொல்லை வேறொரு கூட்டமும் வைத்திருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் டெவன்போர்ட்டில் டி.டி. பால்மர் கைரோபிராக்டிக் என்ற முறையைத் தொடங்கினார். முதுகெலும்பு நழுவி நரம்பை மறிப்பதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்பது அவர் கொள்கை. கைபேசியில் 'டக்' என்று கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்கும் காணொளிகள் அந்த வழியில் வந்தவை. அங்கே நழுவல் என்று சொல்வது எக்ஸ்ரேயில் பென்சில் கோட்டால் காட்டக்கூடிய நழுவலாக இருக்க வேண்டியதில்லை. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்து, காசமோ முறிவோ இருக்கும் முதுகை யாரிடமும் திருப்பக் கொடுக்கக் கூடாது.

நம் வாங்கில்

நம் நாட்டில் பிறந்த பிள்ளைக்கு பீ.சி.ஜி. ஊசி போடுகிறார்கள், காசநோய் மருந்து இலவசம். ஆனாலும் நோய் போய்விடவில்லை. முதுகில் வரும்போது அதை நாரிப்பிடிப்பு என்றும் உளுக்கு என்றும் நினைத்து மாதக்கணக்கில் தைலம் பூசுகிறோம். பரிசாரியாரிடம் குறையில்லை. கழன்ற தோளைச் சேர்க்கும் கை அவருக்கு உண்டு. ஆனால் உள்ளே இடிந்துகொண்டிருக்கும் முன்சுவரை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

இவற்றைக் கவனியுங்கள். கிழமைக்கணக்கில் விடாத முதுகு நோ, இரவில் கூடுவது. பொழுதுபட வரும் லேசான காய்ச்சல். உடம்பு மெலிவது, சாப்பாட்டில் விருப்பமின்மை. பிள்ளை தூக்கத்தில் வலியால் அழுது எழும்புவது. ஒரு காசை நிலத்தில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். முதுகை வளைக்காமல், முதுகைக் கட்டையாக வைத்துக்கொண்டு முழங்காலை மடித்துக் குந்தி எடுத்தால் அந்தப் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். முதுகின் நடுவில் சின்னப் புடைப்பு தெரிந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள். தடவவும் அமத்தவும் விடாதீர்கள்.

நோய் என்று சொன்னால் குளிசையை இடையில் நிறுத்தாதீர்கள். சுகமானது என்று சொன்ன பிறகும், பிள்ளை வளர்ந்து முடியும்வரை வரச் சொன்ன நாளுக்கு வாருங்கள். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். நோய் மாறிய பிறகு மூன்று முதல் ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டும் முதுகு வளையத் தொடங்கலாம்.

நான்கு கோடும் யாருடைய மேசையிலும் உதித்தவை அல்ல. சுகமான பிறகும் பதினைந்து வருடம் எக்ஸ்ரே எடுக்க வந்த 61 பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வந்த பெற்றோரும் கொடுத்தவை. அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்த இதழிலும் இல்லை. அவர்கள் வராமல் இருந்திருந்தால், யாரை வெட்ட வேண்டும் யாரை விடலாம் என்று சொல்ல இன்றைக்கும் கண்மதிப்புத்தான் மிச்சம்.

நழுவல் வளர்கிறதா நிற்கிறதா என்று ஒரு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வது கடினம், இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கரையோர வீடுகளிலிருந்து பழைய தாள்கள் பலவற்றைக் கொண்டு போய்விட்டது. மிஞ்சியதையாவது பத்திரமாக வையுங்கள். எக்ஸ்ரேயை மடிக்காதீர்கள், சூரிய கிரகணம் பார்க்க எடுக்காதீர்கள், சுகமாயிற்று என்று எறியாதீர்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு பழைய எக்ஸ்ரேயையும் கொண்டு போங்கள்.